‘செட்’ என்னும் சொல் படும் பாடு



ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தாலாகிய சிறு சொல் ஒன்று உண்டு. ‘செட்’ என்பது அது. தொடக்கப் பள்ளிச் சிறுவனும் அதனை அறிவான். ஆயினும், ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகரமுதலியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வெளிவந்தபோது, அதில் மிக நீண்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது இச்சிறு சொல்லே. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 430 பொருள்கள் காட்டப்பட்டன. அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் தேவைப்பட்டன. பின்னர் நடந்த திருத்தப் பணியில், ஓடுதலைக் குறிக்கும் ‘ரன்’ என்னும் வினை 645 பொருள்களோடு அதனை முந்திவிட்ட செய்தி 2011இல் வெளிவந்தது.

இவ்வெண்களைக் கேட்டவுடன், “ஆகா, ஆங்கிலத்தின் வளமே வளம்!” என்று வாய்பிளப்பார் ஒரு சாரார். “வேறு சொல் இல்லாமையாலன்றோ ஒரே சொல்லை நானூறு வேலைக்கு ஏவுகின்றனர்? இஃது வறுமையே!” என்று நகைப்பார் மற்றொரு சாரார். தமிழ்ப்பற்றுடையாரிலும் இவ்விரண்டாமவர் உளர். இரு கூற்றும் சொல்லின் வரலாற்றைப் பாராமல் எழுந்தவை.

முதலில் அச்சொல் செய்யும் வேலைகளைப் பார்க்கலாம். மேற்கே கதிரவன் மறைந்தால் ஆங்கிலேயர்க்கு அது ‘செட்’. சுண்ணக் காரை இறுகினாலும் ‘செட்’. முறிந்த எலும்பை மருத்துவர் பொருத்துவது ‘செட்’. பொன்னில் தட்டார் மணியைப் பதிப்பதும் ‘செட்’. கோழியை அடை வைத்தல், எலிக்குப் பொறி வைத்தல், மரத்திற் பிஞ்சு பிடித்தல், கப்பலிற் பாய் விரித்தல், பாட்டுக்குப் பண்ணமைத்தல், தேர்வுக்கு வினாத்தாள் எடுத்தல், அச்சகத்தில் எழுத்துக் கோத்தல் ஆகிய அத்தனையும் ‘செட்’டே. உடன் ஓர் இடைச்சொல் ஒட்டிக்கொண்டால் புறப்படுதல், நிறுவுதல், ஒதுக்கிவைத்தல், விடுவித்தல், பின்னடைதல் எனக் கிளைமேற் கிளை விடும்.

இத்தனைக்கும் வேர் எது? அமர்தலைக் குறிக்கும் ‘சிட்’ என்னும் வினையே. ‘சிட்’ அமர்தல், ‘செட்’ அமர்த்துதல். பழைய ஆங்கிலத்தில் ‘சிட்டன்’, ‘செட்டன்’ என வழங்கிய இவ்விணை, உடன்பிறப்பாகிய செருமன் மொழியில் ‘சிட்சென்’, ‘செட்சென்’ என இன்றும் வாழ்கின்றது. தமிழிலக்கணம் கற்றவர்க்கு இது புதிதன்று. இரு, இருத்து, அமர், அமர்த்து, கிட, கிடத்து என்னும் தன்வினை பிறவினை முறையே அது. ஆங்கிலத்திலும் கிடத்தலுக்கு ‘லை’, கிடத்துதலுக்கு ‘லே’ என வேறோர் இணை உண்டு. மணியைப் பொன்னில் இருத்துகின்றனர். கோழியை முட்டைமேல் இருத்துகின்றனர். எலும்பை அதனிடத்தில் இருத்துகின்றனர். காரை தன்னிடத்தில் அமர்ந்து உறுதி கொள்கின்றது. வேரைப் பிடித்தால், நானூறு பொருளும் சிதறிக் கிடப்பவையல்ல, பெரும்பாலும் ஒரு கொடியில் பூத்தவையே என்பது விளங்கும். மாணாக்கர் சிலர் அகரமுதலியைத் திறந்து முதற்பொருளை மட்டும் எடுத்துப் பெயர்த்துவிட்டு இடர்ப்படுவது இவ்வேரை அறியாமையால்தான்.

இங்கே ஒரு மயக்கமும் உண்டு. தேநீர்க் கிண்ணங்கள் ஆறு சேர்ந்தால் அதனையும் ‘செட்’ என்கின்றனரே, அஃது இவ்வேரிலிருந்து மட்டும் வந்ததன்று. பின்பற்றுவோர் கூட்டம் எனப் பொருள்படும் இலத்தீன் ‘செக்டா’, பழம் பிரெஞ்சு மொழியில் ‘செட்’டென நைந்து ஆங்கிலத்துட் புகுந்தது. உள்ளே வந்த பின்னர், ஒலியொப்புமையால் தாய்மொழிச் சொல்லோடு கலந்து ஒன்றெனவே தோன்றலாயிற்று. கணக்கு நூலார் பயன்படுத்துவது இக்கூட்டப் பொருளையே. தமிழகப் பாடநூல்கள் அதனைக் ‘கணம்’ என்கின்றன. ஈழத்துப் பாடநூல்கள் ‘தொடை’ என்கின்றன. தொடுக்கப்பட்டது தொடை, மாலைக்கும் யாப்புக்கும் உரிய அச்சொல்லைக் கணக்குக்கு ஆக்கிய ஈழத்தறிஞர் நுண்ணறிவு போற்றற்குரியது.

இனி, பலபொருள் தருதல் வறுமையாயின் அவ்வறுமை தமிழுக்கும் உண்டென்றே கொள்ளவேண்டும். ‘படு’ என்னும் ஈரெழுத்துச் சொல்லை எண்ணிப் பாருங்கள். ஞாயிறு படும், மீன் வலையிற் படும், கடலில் முத்துப் படும், மறவன் போரிற் படுவான், நீரின்றி மரம் படும், தொலைவிலுள்ள மலை கண்ணிற் படும், பாட்டுப் பாடப்படும். நெய்தற்குரிய எற்பாடு என்னும் சிறுபொழுதும் எல்லின் பாடே. ஆங்கிலேயர் கதிரவனை இருக்கையில் அமர்த்தினர், தமிழர் படுக்க வைத்தனர், வேற்றுமை அவ்வளவே! தொல்காப்பியரும் பலபொருள் ஒருசொல்லைக் குறையெனக் கூறாது, வினையால் வேறுபடுவன, வேறுபடாதன எனப் பகுத்து இலக்கணமே வகுத்தார். சூடாமணி நிகண்டின் பதினொன்றாந் தொகுதி முழுவதும் இத்தகைய சொற்களுக்கே உரியது. நெடுங்காலம் நாவில் உழன்ற சொல் பலபொருள் பெறுவது எம்மொழிக்கும் இயற்கை.

அங்ஙனமாயின் அச்சொல்லைத் தமிழர் எடுத்தாள்வதில் என்ன பிழை என வினவலாம். வினவத்தக்கதே. ஆங்கிலம் பிரெஞ்சுச் சொல்லைக் கடன் கொண்டதை மேலே கண்டோமன்றோ? 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்தன. சட்டமும் சமையலும் அரண்மனையும் பிரெஞ்சு பேசின. ஆனால் உழவனும் கொல்லனும் இருத்தல், நிற்றல், போதல், வருதல், உண்ணல், குடித்தல் ஆகியவற்றுக்குரிய தம் சொந்த வினைகளை விடவில்லை. பெயர்கள் கடனாக வந்தன; அடிப்படை வினைகள் பெரும்பாலும் வீட்டிலேயே நின்றன. நின்றமையாற்றான் ‘செட்’ நானூறு கிளை விட்டது.

தமிழ்நாட்டில் இன்று நடப்பதோ தலைகீழ். இங்கே கடனாக வருவது வினையே. தயிர் உறையவில்லை என்பதற்குத் ‘தயிர் செட் ஆகவில்லை’. இருவர்க்கும் பொருந்தாது என்பதற்கு ‘இரண்டு பேருக்கும் செட் ஆகாது’. மணிப்பொறியில் நேரம் வைத்தற்கு ‘டைம் செட் பண்ணு’. இச்சொல்லைக் கூர்ந்து நோக்குங்கள். செட்டினான், செட்டுகிறான், செட்டுவான் என எவரும் கூறுவதில்லை. தானாக அதற்கு நடை வராது. ‘பண்ணு’, ‘ஆகு’ என்னும் ஊன்றுகோல்கள் வேண்டும். ‘சிட்’ என்னும் தாயும் உடன் வரவில்லை. ஆகலின் புதுக்கிளையும் விடாது. வெட்டி நட்ட காய்ந்த கழி அது. அக்கழிக்காக உறை, இறுகு, பொருந்து, பதி, கூடு, இணை, கோவை, தொகுதி எனத் தழைத்து நின்ற ஒரு தோப்பே ஆளரவமற்றுப் போகின்றது. உறைவது பாலுக்கு, இறுகுவது காரைக்கு, கூடுவது எலும்புக்கு என்னும் நுட்பமும் உடன் போகின்றது.

வேடிக்கை ஒன்று. ‘செட்டு’ என்று தமிழிலேயே ஒரு சொல் உண்டு. சிக்கனம் என்பது பொருள். செட்டாகக் குடித்தனம் நடத்துகிறாள் எனப் பாட்டி மருமகளைப் புகழ்ந்தால், நகரத்துப் பேரன் அதனை ஆங்கிலமென்று எண்ணி விழிக்கின்றான்!

மாணாக்கர்களே, அடுத்த கூட்டத்திற்கு வருமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் கொத்தனார், தச்சர், தட்டார், தையற்காரர், தோட்டக்காரர் என ஐவரிடம் சென்று, ‘செட்’ என்னும் சொல் வரும் இடத்தில் அவர்தம் பாட்டனார் என்ன சொன்னார் எனக் கேட்டு எழுதி வாருங்கள். உணவுக்கடைக்காரரையும் விட வேண்டா. ‘செட் தோசை’ என்பதற்கு ‘இணைத் தோசை’ எனலாம். தட்டில் மூன்று வைப்பவராயின் வேறு பெயரை அவரே கூறட்டும்.