ராஜா வேண்டாம் என்ற ஊர்



நம் மையத்துச் சுவரைப் பாருங்கள். ஒரு காலண்டர் தொங்குகிறது. அதில் ஜூலை என்று ஒரு மாதம். அடுத்தது ஆகஸ்ட். இப்போது நீங்களே எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். இந்த இரண்டும் இரண்டு மனிதர்களின் பெயர்கள். ஜூலியஸ் சீசர் பெயரால் ஜூலை. அவருடைய சுவீகார மகன் அகஸ்டஸ் பெயரால் ஆகஸ்ட். இருவரும் ரோமாபுரியைச் சேர்ந்தவர்கள். இத்தாலி நாட்டில், டைபர் ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது.

இவர்கள் ராஜாக்களா? இல்லை. நாங்கள் ராஜா இல்லை என்றுதான் இருவருமே சொல்லிக் கொண்டார்கள். ரோமாபுரியில் 'ராஜா' என்பது கெட்ட வார்த்தை. அப்படிப்பட்ட ஊரில் எல்லா அதிகாரமும் ஒரே மனிதர் கைக்கு எப்படிப் போனது? இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நான் கி.மு. என்று சொல்வேன். கிறிஸ்து பிறப்பதற்கு முன் என்று பொருள். கி.மு.வில் எண் குறையக் குறைய, காலம் நம்மை நோக்கி வருகிறது. கி.மு. 500-க்குப் பிறகுதான் கி.மு. 100. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமாபுரியிலும் முதலில் ராஜாக்கள் இருந்தார்கள். கடைசி ராஜா கொடுமைக்காரன். கி.மு. 509-இல் அவனை ஊரைவிட்டு விரட்டினோம் என்று ரோமானியர் தங்கள் வரலாற்றில் எழுதி வைத்தார்கள். இனி ராஜாவே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஒருவருக்குப் பதில் இரண்டு தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இவர்களுக்குக் கன்சல் என்று பெயர். பதவி ஓராண்டுக்குத்தான். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். ஆலோசனை சொல்ல ஒரு சபை இருந்தது. அதன் பெயர் செனட். அதில் பெரிய குடும்பத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ராஜா போய்விட்டார். ஏழைக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை. கடன் வாங்கியவன் கட்ட முடியாவிட்டால் அவன் உடம்பே அடமானம். கடன் கொடுத்தவன் வீட்டில் அடிமைபோல் உழைக்க வேண்டும். சண்டை வந்தால் படைக்குப் போவதும் இதே ஏழைதான்.

கி.மு. 494-இல் சாதாரண மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறினார்கள். பக்கத்தில் ஒரு மலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். உலக வரலாற்றில் நமக்குத் தெரிந்த பழைய வேலைநிறுத்தங்களில் இது ஒன்று. படைக்கு ஆள் இல்லை. பெரிய மனிதர்கள் இறங்கி வந்தார்கள். சாதாரண மக்களைக் காப்பாற்ற டிரிப்யூன் என்ற பதவி உண்டானது. மக்கள் காவலர் என்று வைத்துக்கொள்வோம். டிரிப்யூன் வீட்டுக் கதவை இரவிலும் சாத்தக் கூடாது. யார் வந்து முறையிட்டாலும் கேட்க வேண்டும். எந்த அதிகாரியின் உத்தரவையும் அவர் தடுக்கலாம். செய்தித்தாளில் 'வீட்டோ அதிகாரம்' என்று படித்திருப்பீர்கள். அது ரோமானியர் பேசிய லத்தீன் மொழிச் சொல். 'நான் தடுக்கிறேன்' என்று அர்த்தம்.

அடுத்து மக்கள் கேட்டது எழுத்து. ஆம், எழுத்துதான். அதுவரை சட்டம் பெரிய குடும்பத்தாரின் வாயில் இருந்தது. அவர்கள் சொன்னதுதான் சட்டம். இன்று ஒன்று சொல்வார்கள், நாளை வேறு சொல்வார்கள். எழுதி வையுங்கள் என்று மக்கள் பிடிவாதம் பிடித்தார்கள். கி.மு. 451, 450 ஆண்டுகளில் சட்டங்கள் எழுதப்பட்டன. பன்னிரண்டு பலகைகளில் எழுதி ஊர் நடுவில் வைத்தார்கள். சட்டங்கள் கடுமையானவைதான். ஆனால் இனிமேல் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

வாக்கும் பிற்பாடு எழுத்துக்கு வந்தது. முதலில் வாயால் சொல்லித்தான் வாக்களித்தார்கள். பண்ணையார் பக்கத்தில் நின்று கேட்டுக் கொண்டிருப்பார். அவருக்குப் பிடிக்காத பெயரைச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? கி.மு. 139-இல் ரகசிய வாக்குச் சட்டம் வந்தது. மெழுகு பூசிய சின்னப் பலகை கொடுப்பார்கள். அதில் வேட்பாளர் பெயரை எழுதிக் கூடையில் போட வேண்டும். கி.மு. 131 முதல் சட்டங்களுக்கு வாக்களிப்பதும் இப்படியே ஆனது. ஆம் என்பதற்கு ஓர் எழுத்து. இல்லை என்பதற்கு ஓர் எழுத்து. அப்படியும் பெரிய மனிதர்கள் விடவில்லை. வாக்களிக்கப் போகும் நடைமேடையில் நின்றுகொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள். கி.மு. 119-இல் மாரியஸ் என்ற டிரிப்யூன் அந்த நடைமேடையையே குறுகலாக்கிவிட்டார். எட்டிப் பார்க்கிறவனுக்கு நிற்க இடமில்லை! இந்த மாரியஸ் மறுபடியும் வருவார். பெயரை மறந்துவிடாதீர்கள்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பெண்களுக்கு வாக்கு இல்லை. அடிமைகளுக்கு இல்லை. கன்சல் தேர்தலில் மக்களை 193 பிரிவாகப் பிரித்திருந்தார்கள். பிரிவுக்கு ஒரு வாக்கு. பணக்காரர்களுக்குப் பல பிரிவுகள். சொத்தே இல்லாதவர்கள் எத்தனை ஆயிரம் பேரானாலும் ஒரே பிரிவு. அவர்கள் முறை வருவதற்குள் முடிவு தெரிந்துவிடும்.

இனி நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். குடியரசு ஆட்டம் கண்டது நிலத்தில்தான்.

ரோமாபுரியின் படைவீரன் ஒரு சிறு விவசாயி. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தால்தான் படையில் சேரலாம். பழைய காலத்தில் சண்டை பக்கத்து ஊரோடு. முடித்துவிட்டு வந்து அறுவடை செய்வான். பிறகு சண்டை கடல் கடந்து போனது. ஆப்பிரிக்கா, ஸ்பெயின், கிரேக்க நாடு என்று ஆண்டுக்கணக்கில் நடந்தது. வீட்டில் ஏர் பிடிக்க ஆள் இல்லை. கடன் ஏறியது. நிலம் கை மாறியது. வென்ற நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் அடிமைகளைப் பிடித்து வந்தார்கள். பணக்காரர்கள் அவர்களைக் கொண்டு பெரிய பண்ணைகளை நடத்தினார்கள். அரசாங்கப் புறம்போக்கையும் வளைத்துப் போட்டார்கள். நாட்டுக்காகச் சண்டை போட்டவன் திரும்பி வந்து பார்த்தால், நிற்க ஒரு காணி நிலம் இல்லை.

கி.மு. 133-இல் டைபீரியஸ் கிராக்கஸ் என்பவர் டிரிப்யூன் ஆனார். அவரே பெரிய குடும்பத்துப் பிள்ளை. புறம்போக்கு நிலத்தில் ஒருவர் சுமார் 300 ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, மீதியை நிலமில்லாதவருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். இன்னொரு டிரிப்யூன் அதை வீட்டோ செய்தார். மக்களைக் காக்க வந்த ஆயுதம் மக்களுக்கு எதிராகவே திரும்பியது. கிராக்கஸ் அந்த டிரிப்யூனை வாக்கெடுத்துப் பதவியிலிருந்து இறக்கினார். அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. அவர் நோக்கம் நல்லது. ஆனால் வழக்கத்தை முதலில் உடைத்தவர்களில் அவரும் ஒருவர். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

'இவன் ராஜாவாகப் பார்க்கிறான்' என்று எதிரிகள் கதை கட்டினார்கள். செனட் உறுப்பினர்கள் உடைந்த பெஞ்சுக் கால்களையும் தடிகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கிராக்கஸையும் அவரோடு சுமார் 300 பேரையும் அடித்தே கொன்றார்கள். பிணங்களை டைபர் ஆற்றில் வீசினார்கள். பத்தாண்டு கழித்து அவர் தம்பி கையஸ் அதே வழியில் வந்தார். அவரும் உயிரை இழந்தார்.

அதன்பின் மாரியஸ். வாக்கு நடைமேடையைக் குறுக்கினாரே, அவர்தான். கி.மு. 107-இல் அவர் கன்சல் ஆனார். சொத்தில்லாதவனும் படையில் சேரலாம் என்றார். ஏழைக்குப் பிழைப்பு கிடைத்தது. நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் படையை விட்டு வரும்போது அவனுக்கு நிலம் யார் கொடுப்பது? செனட் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்க மனமில்லை. தளபதிதான் வாங்கித் தருவார் என்று ஆயிற்று. சிப்பாய் யாரைப் பார்ப்பான்? சோறு போடுகிற கையைத்தானே பார்ப்பான். நாட்டின் படை, தளபதியின் படை ஆனது.

கி.மு. 88-இல் சுல்லா என்ற கன்சல், படையை ரோமாபுரிக்குள்ளேயே நடத்தி வந்தார். சொந்த ஊர்மீதே படையெடுப்பு. அதற்குமுன் நடக்காதது. கி.மு. 82-இல் அவர் சர்வாதிகாரி ஆனார். ஊர் நடுவில் ஒரு பட்டியல் ஒட்டினார். அதில் பெயர் இருப்பவனை யாரும் கொல்லலாம். கொன்றவனுக்குப் பரிசு. செத்தவன் சொத்து ஏலம். சட்டத்தை எழுதி வையுங்கள் என்று கேட்டு வாங்கிய ஊரில், சாக வேண்டியவர்களின் பெயரை எழுதி வைத்தார்கள்.

சுல்லா காட்டிய பாதையில் சீசர் வந்தார். பெரிய வீரர். நன்றாக எழுதுவார். கால் என்ற நாட்டை, இன்றைய பிரான்ஸை, எட்டாண்டுகளில் வென்றார். கி.மு. 49-இல் ரூபிகான் என்ற சிற்றாற்றைப் படையோடு தாண்டி ரோமாபுரியை நோக்கி வந்தார். படையோடு அதைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். உள்நாட்டுப் போரில் வென்றார். கி.மு. 44-இல் ஆயுள் முழுவதும் சர்வாதிகாரி என்று ஆனார். அதே ஆண்டு மார்ச் 15-இல் செனட் கூட்டத்திலேயே அவரைக் குத்திக் கொன்றார்கள். 23 குத்து. புரூட்டஸ், காசியஸ் முதலியவர்கள் குத்தினார்கள். சீசரைக் கொன்றால் குடியரசு தானே திரும்பிவிடும் என்று நினைத்தார்கள். படை யார் கையில் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

சீசருடைய சகோதரியின் பேரன் ஆக்டேவியன். அப்போது வயது 18. சீசர் உயிலில் அவரைச் சுவீகாரம் எடுத்திருந்தார். அவரும், ஆண்டனி, லெப்பிடஸ் என்ற இரு தளபதிகளும் சேர்ந்துகொண்டார்கள். மறுபடி கொலைப் பட்டியல். சிசரோ என்ற பெரிய பேச்சாளர் அதில் செத்தார். அவர் நின்று பேசிய மேடையிலேயே அவர் தலையையும் கையையும் வைத்தார்கள்.

இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கி.மு. 42-இல் போர்ச் செலவுக்காக 1,400 பணக்காரப் பெண்கள்மீது வரி போட்டார்கள். ஹார்ட்டென்சியா என்ற பெண்மணி மற்ற பெண்களோடு ஊர்ப் பொது இடத்துக்கு வந்தார். மூன்று தளபதிகளின் முகத்துக்கு நேரே பேசினார். எங்களுக்குப் பதவி இல்லை, ஆட்சியில் பங்கில்லை, பிறகு நாங்கள் எதற்கு வரி கட்ட வேண்டும் என்று கேட்டார். காவலாளிகள் அவர்களைத் தள்ளப் பார்த்தார்கள். கூட்டம் கூச்சல் போட்டது. மறுநாள் 1,400 என்பது 400 ஆகக் குறைந்தது. ஆண்கள் வாயடைத்துக் கிடந்த நாளில் ஒரு பெண் பேசினார்.

பிறகு ஆக்டேவியனும் ஆண்டனியும் மோதினார்கள். கி.மு. 31-இல் கடல் போரில் ஆக்டேவியன் வென்றார். எதிர்க்க ஆளில்லை.

இவர் சீசரைவிடச் சாமர்த்தியசாலி. கி.மு. 27-இல் செனட்டுக்குப் போய், அதிகாரத்தை உங்களிடமே திருப்பித் தருகிறேன் என்றார். செனட் உருகிப் போனது. அகஸ்டஸ் என்று பட்டம் கொடுத்தது. படை நிற்கும் மாகாணங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது. கி.மு. 23-இல் டிரிப்யூன் பதவியில் உட்காராமலே டிரிப்யூனின் அதிகாரத்தை ஆயுளுக்கும் வாங்கிக்கொண்டார். ஏழையின் காவல் அதிகாரம் நாட்டிலேயே பெரிய பணக்காரர் கைக்குப் போனது. செனட் இருந்தது. கன்சல்கள் இருந்தார்கள். தேர்தலும் நடந்தது. ஒரு பெயரைக்கூட அவர் மாற்றவில்லை.

மக்கள் ஏன் சும்மா இருந்தார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேலாக அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொண்ட ஊர் அது. சண்டை நின்றதே போதும் என்று இருந்தார்கள். சுமார் 2 லட்சம் பேருக்கு இலவசத் தானியம் கிடைத்தது. குடிநீர் வந்தது. கப்பல்கள் தூர தேசம் போய் வந்தன. கோயம்புத்தூர், கரூர் பக்கம் அகஸ்டஸ் தலை பொறித்த காசுகள் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. வணிகத்தில் வந்த காசு அது.

கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்தார். அவருடைய சுவீகார மகன் டைபீரியஸ் அந்த இடத்துக்கு வந்தார். அதே ஆண்டு, தேர்தலை மக்களிடமிருந்து எடுத்துச் செனட்டுக்குள் வைத்துவிட்டார். மக்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். அவ்வளவுதான்.

வாக்களிப்பதற்கென்று ரோமாபுரியில் பளிங்கினால் ஒரு பெரிய மண்டபம் கட்டியிருந்தார்கள். சீசர் திட்டமிட்டது. அது கட்டி முடிந்தது கி.மு. 26-இல். அதாவது, அகஸ்டஸ் பட்டம் வாங்கிய மறு ஆண்டு. அப்படியொரு அழகான வாக்குச்சாவடி அந்த ஊரில் அதற்குமுன் இருந்ததில்லை. அங்கே வாள் சண்டை வேடிக்கை நடந்தது. பிற்பாடு கடைகள் வந்தன. பணக்காரர்கள் அங்கே போய் விலை உயர்ந்த சாமான்கள் வாங்கினார்கள்.