ஒளி திருப்பும் மூலக்கூறு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நெஞ்சு எக்ஸ்றே எடுக்கும்போது நோயாளிக்குச் சொல்வது ஒன்றுதான்: “மூச்சை இழுத்துப் பிடியுங்கோ, அசையாதேங்கோ.” அசைந்தால் படம் கலங்கிவிடும். வாயுவில் உருண்டு புரளும் மூலக்கூறுக்கு இதை யார் சொல்வது?

நெடுங்காலமாக அந்த வேலையைப் பளிங்கு செய்தது. பளிங்கினுள் மூலக்கூறுகள் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகள்போல வரிசையாக நிற்கும். எக்ஸ்றே அவற்றில் பட்டுச் சிதறும் கோலத்தைக் கொண்டு அணுக்களின் இடத்தைக் கணிப்பார்கள். டொரதி ஹொட்ஜ்கின் அம்மையார் இன்சுலினின் முதற் படத்தை எடுத்தது 1930களில். அதன் அமைப்பைக் கண்டது 1969இல். நாங்கள் கிளினிக்கில் நாள்தோறும் எழுதும் அதே இன்சுலின்தான்.

ஆனால் எல்லாம் இலகுவில் பளிங்காவதில்லை. கல மென்சவ்விலுள்ள புரதங்கள் பெரும்பாடு படுத்தும். மருந்துகள் பலவும் போய்ப் பற்றுவதோ அவற்றில். பளிங்கில்லாமலே மூலக்கூறுகளை ஒரு திசைக்குத் திருப்ப முடியுமா? லேசரால் முடியும். அதன் மின்புலம் மூலக்கூறின் இலத்திரன்களைச் சற்று இழுக்கிறது. எந்த அச்சு வழியே அவை இலகுவாக இழுபடுமோ, அந்த அச்சு மின்புலத்தின் திசைக்குத் திரும்புகிறது. சூடான மூலக்கூறு மட்டும் சொல்வழி கேளாது. முதலில் வாயுவை நன்றாகக் குளிர்விக்க வேண்டும்.

ஜேர்மனியின் ஹம்பேர்க் விஞ்ஞானிகள் தலைமையிலான குழுவொன்று, கலிபோர்னியாவிலுள்ள எக்ஸ்றே லேசரில் இதைச் செய்து 2014இல் வெளியிட்டது. பென்சீன் வளையத்தில் இரண்டு அயடீன் அணுக்கள் கொண்ட சிறிய மூலக்கூறு. ஒரு லேசர் திருப்பிப் பிடிக்க, மற்றது படம் எடுத்தது. எக்ஸ்றேத் துடிப்பு ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கிலும் குறுகியது. அவ்வளவு கடும் கதிர் மூலக்கூறைச் சிதைத்துவிடும். சிதையுமுன் படம் எடுபட்டுவிட வேண்டும் என்பதே கணக்கு. இதிலிருந்து புரதத்துக்கு வழி நீளம். நாளைக்கே மருந்து வரும் என்று சொல்ல நாங்கள் வரவில்லை.

தொண்ணூறுகளில், மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கை வைத்துக்கொண்டு ஒளித்தெறிப்பும் முறிவும் படித்தவர்கள் நாங்கள். பௌதிகவியலில் ஆசை இருந்தவர்களும் மருத்துவத்துக்கே விண்ணப்பித்தோம். இன்று பிள்ளைகளோடு ஆலோசனை கேட்டு வரும் தாய்மாருக்கும் அதையேதான் சொல்லி வருகிறோம். போன மாதம் வந்த பிள்ளை, எங்கோ வாசித்துவிட்டு, “ஒளி எப்படி டொக்டர் ஒரு பொருளைத் திருப்பும்?” என்று கேட்டாள். பக்கத்திலிருந்த தாய், உயிரியலுக்கு எந்த ரியூசன் நல்லது என்று கேட்டார்.

நாங்கள் தாய்க்குத்தான் பதில் சொன்னோம். பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைப் பிறகு தேடி வாசித்தோம். அதைத்தான் இவ்வளவு நேரமும் சொன்னோம்.