இல்லாத பணத்துக்குக் கையெழுத்து

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கம்பெனிக் கணக்கைப் பற்றி நமக்கென்ன, நாம் என்ன பங்கு வாங்கி விற்பவர்களா என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மைக் கேட்காமலே நம்மைப் பங்குக்காரர்களாக ஆக்கியிருக்கிறார்கள். 2015 ஆகஸ்டு முதல், புதிதாகச் சேரும் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போகிறது. முதலில் 5 சதவீதம். இரண்டே ஆண்டில் 15 சதவீதம். நிஃப்டி, சென்செக்ஸ் பட்டியல்களில் உள்ள கம்பெனிகளுக்கெல்லாம் அது பிரிந்து போய்ச் சேரும். ஒவ்வொரு கம்பெனியின் பேரேட்டையும் உட்கார்ந்து புரட்டுவார் யார்? ஆடிட்டர் போட்ட கையெழுத்தை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது.

அந்தக் கையெழுத்தின் லட்சணத்தை ஹைதராபாத் சத்யம் கம்பெனியில் பார்த்தோம். அதுவும் இந்த இரு பட்டியல்களிலும் இருந்த கம்பெனிதான். நியூயார்க் சந்தையிலும் அதன் பங்கு விற்றது. வளரும் நாடு, போட்டால் பெருகும் என்று வெளிநாட்டாரும் பணம் கொட்டினார்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். புத்தகத்தில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி கிடையவே கிடையாது! இல்லாத பணத்துக்கு 376 கோடி வட்டி வேறு எழுதியிருந்தார்கள். சீட்டுப் பிடித்து ஊரைவிட்டு ஓடுகிறவனுக்குக்கூட இந்தத் துணிச்சல் வராது. ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. அன்று நம் பி.எஃப். பணம் சந்தையில் இல்லை, தப்பித்தோம்.

நிலத்துக்கு என்ன விலை, பாக்கி வசூலாகுமா என்பதிலெல்லாம் ஆடிட்டர் ஏமாறலாம். வங்கி இருப்பு அப்படியா? வங்கிக்கு நேராக ஒரு கடிதம், வங்கியிடமிருந்து நேராக ஒரு பதில், தீர்ந்தது வேலை. முறையும் அதுதான். ஆனால் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற உலகப் பெயர் கொண்ட இந்திய ஆடிட்டர்கள், கடிதம் அனுப்புவதையும் பதில் வாங்குவதையும் கம்பெனிக்காரர்களிடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011-இல் கண்டது. குற்றத்தை ஒப்பாமலும் மறுக்காமலும் 60 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். செபி 2018-இல் விதித்த இரண்டாண்டுத் தடையை 2019-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நீக்கிவிட்டது. ராஜுவோடு சேர்த்துப் பத்துப் பேருக்கு 2015 ஏப்ரலில் ஏழாண்டுச் சிறை. அடுத்த மாதமே ஜாமீன்! ஆடிட்டர்களைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைக்க 2018 வரை ஆயிற்று.

பி.எஃப். அறங்காவலர் குழுவில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனியில் நம் பணம் எவ்வளவு, அதன் ஆடிட்டர் யார் என்று ஆண்டுதோறும் தமிழிலும் வெளியிடச் சொல்லி அவர்களுக்கு எழுதுவோம்.

அதற்கு முன் நம் வீட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. காண்டிராக்டர் கூலியில் 12 சதவீதம் பிடிக்கிறார். கட்டிவிட்டேன் என்று மேஸ்திரி கையில் துண்டுச் சீட்டு கொடுத்தனுப்புகிறார். நாமும் மடித்து வைத்துக்கொள்கிறோம். அந்த ஆடிட்டர்கள் செய்ததும் இதுதானே? கட்டினாரா இல்லையா என்பது பி.எஃப். பாஸ்புக்கில் மாதவாரியாகத் தெரியும். வரும் ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் நம் பிள்ளைகள் அதைச் செல்போனில் எடுத்துக் காட்டுவார்கள். யூ.ஏ.என். எண்ணோடு வாருங்கள். விடுபட்ட மாதங்களைக் குறித்துக்கொண்டு அங்கேயே மனு எழுதுவோம்.