டாக்டர், உங்கள் பெயர் என்ன?



உங்களில் பலர் கடை வைத்திருப்பவர்கள். வாடிக்கையாளர் கேட்டு முடிப்பதற்குள் மறித்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் பொருளை எடுத்து வீசினால் மறுநாள் அவர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளி எங்கே போவார்?

என் அத்தாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். காலையில் டாக்டர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி, கூட வந்த மாணவர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்; போய்விட்டார். "என்னடா சொன்னாரு, நான் பிழைப்பேனா?" என்று அத்தா கேட்டார். எனக்கும் விளங்கவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாதான், "பயப்படாதீங்க பாய், உங்களை வீட்டுக்கு அனுப்புறதப் பத்திதான் பேசினாங்க" என்றார். இரண்டு நாளாகச் சாப்பிடாத மனிதர் அன்றுதான் கஞ்சி கேட்டார்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்றொரு பெண் டாக்டர் இருந்தார். முதியோர் மருத்துவம் அவரது துறை. 2011-ல் அவருக்கே அரிய வகைப் புற்றுநோய் வந்தது. நோய் பரவிவிட்டது என்பதைச் சொல்ல வந்தவர், அவர் முன்பின் பார்த்திராத ஓர் இளம் டாக்டர். 'துணைக்கு யாரையாவது கூப்பிடட்டுமா?' என்றுகூடக் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்கேன் முடிவைச் சொன்னார். அறையை விட்டுப் போனால் போதும் என்றிருந்தார். டாக்டருக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டுப் பெரியவர்களின் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள்!

2013-ல் மறுபடியும் வார்டில் படுத்தபோது, சிகிச்சை தர வருகிற பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்பதை அவர் கவனித்தார். பெயர் சொல்லி அன்பாகப் பேசியவர் வண்டி தள்ளும் ஊழியர்! 'வணக்கம், என் பெயர் இன்னது' என்று சொல்லிவிட்டு நோயாளியிடம் பேசுங்கள் என்று கேட் கணவரோடு சேர்ந்து ஓர் இயக்கமே தொடங்கினார். பிரிட்டிஷ் அரசு மருத்துவமனைகளில் அது பரவியது. 2016-ல், 34 வயதில் அவர் இறந்தார்.

பெயரைச் சொன்னால் நோய் தீருமா? தீராது. ஆனால் மனிதராகப் பேசும் டாக்டரிடம்தான் நோயாளி, 'மாத்திரையைப் பாதியில் நிறுத்திட்டேன்' என்ற உண்மையைச் சொல்வார்.

'எங்களுக்கு நேரம் எங்கே?' என்பார்கள் டாக்டர்கள். ஓ.பி. வரிசையைப் பார்த்தவர்கள் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கணக்கு கேளுங்கள். 1999-ல் வெளியான ஓர் ஆய்வில் 264 சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 23 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டார். சொல்லி முடிக்க விடப்பட்டவர்களுக்குக் கூடுதலாக ஆன நேரம் எவ்வளவு தெரியுமா? சராசரியாக 6 விநாடி!

மருத்துவம் படிக்கும் தம்பிகளே! 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே நோயாளியிடம் பேசும் முறை சேர்க்கப்பட்டுவிட்டது. பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிடாதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். கெட்ட செய்தியானால் தனியிடத்தில், உறவினரை அருகில் வைத்து, தமிழில் சொல்லுங்கள். அழுதால் அழ விடுங்கள். உடனே எழுந்து ஓடாதீர்கள்.

நம் பக்கம் குறையே இல்லையா? ஒரு நோயாளிக்குப் பத்துப் பேர் போய், பத்துப் பேரும் ஒரே கேள்வியை டாக்டரிடம் கேட்கிறோம். ஆத்திரத்தில் கண்ணாடியை உடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவ ஊழியர் மீது கை வைத்தால் தண்டிக்கத் தமிழகத்தில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும்; அடி வாங்கிய டாக்டர் அடுத்த நோயாளியின் முகத்தை எப்படி நிமிர்ந்து பார்ப்பார்?

உங்கள் தெருவில் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் விவரம் தெரிந்த ஒருவர் மட்டும் நோட்டும் பேனாவுமாகக் கூடப் போங்கள். கேட்க வேண்டியதை முதல் நாள் இரவே எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்னதை, 'நான் புரிந்துகொண்டது சரிதானா?' என்று திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். அவர் பெயரை மரியாதையாகக் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.