சலுகைக்கும் ஆயுள் வேண்டும்



நார்வே நாட்டின் புகழ்பெற்ற இசைக்குழு 'ஆ-ஹா'. அந்தக் குழுவைச் சேர்ந்த இருவரும், பெல்லோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவர் ஃபிரெட்ரிக் ஹவுகேயும் 1989இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு சின்ன ஃபியட் பாண்டா காரைக் கொண்டுவந்தார்கள். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடும்படி மாற்றிய கார் அது. "புகை விடாத வண்டிக்கு எதற்குச் சுங்கம்?" என்று கேட்டு, சுங்கச்சாவடிகளில் பணம் கட்டாமலே ஓட்டினார்கள். அபராதம் மேல் அபராதம் வந்தது. அரசு காரைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டது. கேட்க வேறு ஆளில்லை. அவர்களே சொற்பத் தொகைக்குத் திரும்ப எடுத்தார்கள். மறுபடியும் கட்டணம் கட்டாமல் ஓட்டினார்கள்.

அந்தப் பிடிவாதம் பலித்தது. 1990இல் மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரி விலக்கு வந்தது. 1997இல் சுங்கக் கட்டணம் நீங்கியது. 2001இல் மதிப்புக் கூட்டு வரியும் போனது. பிறகு பேருந்துத் தடத்தில் செல்லவும் அனுமதி கிடைத்தது. காலையில் அலுவலகம் போகிறவருக்கு, நெரிசலில் நிற்கும் கார் வரிசையைத் தாண்டிப் போக முடிந்ததே பெரிய சலுகை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நார்வே அரசு வாங்குபவர் கையில் பணம் கொடுக்கவில்லை. வரவேண்டிய வரியை வாங்காமல் விட்டது. அதே நேரத்தில் பெட்ரோல், டீசல் கார்களுக்கு எடைக்கும் புகைக்கும் ஏற்பக் கடும் வரி போட்டது. அதனால், துறைமுகத்தில் வந்து இறங்கும்போது விலை கூடுதலாக இருந்த மின்சாரக் கார், ஷோரூமுக்கு வந்ததும் பெட்ரோல் காரோடு போட்டி போட்டது. பலன்? 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 89 மின்சாரக் கார்கள். எண்ணெய் விற்றே செல்வம் சேர்த்த நாட்டில் இது நடந்திருக்கிறது!

குறையும் இருந்தது. வசதியுள்ளவர்களே அதிகம் பயனடைந்தார்கள். பேருந்துத் தடங்களிலும் மின்சாரக் கார்கள் நெருக்கியடித்தன. அரசு சலுகையை ஒரே நாளில் வெட்டிவிடவில்லை. பேருந்துத் தட விதிகளை இறுக்கியது. சுங்கத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்தது. 2023 முதல், காரின் விலையில் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் மதிப்புக் கூட்டு வரி வாங்கியது. விலையுயர்ந்த காரை வாங்குபவர் வரி கட்டட்டும் என்பது நியாயம்தானே?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2019இல், மின்வாகனங்களுக்கு மானியம் தரும் மத்திய அரசின் 'ஃபேம்' திட்டத்தின் இரண்டாம் கட்டம் 10,000 கோடி ரூபாயில் தொடங்கியது. அதே ஆண்டு மின்வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. தமிழ்நாடு சாலை வரியை விலக்கியது. எல்லாம் நல்ல தொடக்கம். ஆனால் இருசக்கர வாகன மானியம் பட்ட பாட்டைப் பாருங்கள். பேட்டரியின் ஒரு கிலோவாட்-மணிக்கு 10,000 ரூபாயாக இருந்தது. 2021 ஜூனில் 15,000 ஆனது. 2023 ஜூனில் மீண்டும் 10,000. அதோடு, வண்டி விலையில் 40 சதவீதம் வரை என்றிருந்த வரம்பும் 15 ஆகச் சுருங்கியது. முந்தைய மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிய விற்பனை, அந்த ஜூனில் பாதிக்கும் கீழே இறங்கியது.

மானியம் என்றைக்கும் தொடர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது மக்கள் வரிப்பணம். ஒருநாள் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் எப்போது, எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் தொழிற்சாலை முதலீடு போடும், வங்கி கடன் கொடுக்கும். வீடு வீடாக உணவு கொண்டுசேர்க்கும் இளைஞரும், ஷேர் ஆட்டோ ஓட்டுபவரும் தவணைக் கணக்கைத் துணிந்து போடுவார்கள். நாள் முழுக்க வண்டியிலேயே இருப்பவர்கள் அவர்கள். எரிபொருள் செலவும் புகையும் அதிகம் தாக்குவது அவர்களைத்தான். சலுகை முதலில் போய்ச் சேர வேண்டிய இடமும் அதுவே.

மத்திய, மாநில அரசுகளுக்கு நம் வேண்டுகோள் இதுதான்: சலுகையின் தொகை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, அதன் ஆயுளை முன்பே அறிவித்து, சொன்ன நாள்வரை சொன்னபடி கொடுங்கள்.