கேள்வி கேட்கும் கறுப்பங்கி

(மயிலையிலே இயக்க வழக்கறிஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

கல்லூரியைப் பாதியிலே விட்டவன், சட்டம் கற்றோர் மன்றத்திலே என்ன பேசப்போகிறான் என்ற ஐயப்பாடு உங்களிலே சிலருக்கு இருக்கும். எனக்கும் இருக்கிறது! நாடகம் எழுதுபவன் நான். ஆகவே ஒரு நாடகத்தையே சொல்கிறேன். கற்பனை அல்ல, நடந்தது.

ஆண்டு 1950. குடியரசு பிறந்து இரண்டு திங்கள்கூட நிறைவுறவில்லை. மார்ச் 10-ஆம் நாள் சென்னை சர்க்கார் ஆணை பிறப்பிக்கிறது: மக்கள் கல்விக் கழகம் சட்டவிரோதமான அமைப்பு! அரசியல் அறிவைப் பரப்புதல், கலை, இலக்கியம், நாடகம் வளர்த்தல் — இவையெல்லாம் அது பதிவு செய்திருந்த நோக்கங்கள். நாடகம் என்றதும் என் நெஞ்சு பதறுவதிலே வியப்பில்லையல்லவா! அதன் பொதுச் செயலாளர் வி. ஜி. ராவ், வழக்கறிஞர், பொதுவுடைமையாளர்.

"ஏன் தடை?"

"பொது அமைதிக்கு ஆபத்து."

"யார் கண்டது?"

"நாங்கள் கண்டோம்."

"ஆதாரம்?"

"எங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது."

உரையாடல் என்னுடையது, உள்ளடக்கம் சர்க்காருடையது! ஆணையை உரியவர் கையிலே முறையாகச் சேர்ப்பிக்க ஏற்பாடில்லை. ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அதுவும் பெரும்பாலும் ஒருதலையாகவே பரிசீலிக்கும். ஆனால் அமைப்பிலே தொடர்ந்து இருந்தால் தண்டனை!

இந்தத் தடியைச் செய்தவன் யார்? 1908-லே வெள்ளையன். 1932-லே அது காங்கிரஸ் அமைப்புகளின் மீதே பாய்ந்தது. அடிபட்டவர்கள் அரியணை ஏறினர். தடியை முறித்தார்களா? இல்லை, 1950-லே புதுப் பூண் போட்டனர்!

ராவ் மேடையேறி முழங்கியிருக்கலாம். அவர் உயர்நீதிமன்றம் சென்றார். அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவு. மை காயாத ஆயுதம். செப்டம்பர் 14-லே தலைமை நீதிபதி இராஜமன்னார் உள்ளிட்ட மூவர் ஆணையை ரத்து செய்தனர். இராஜமன்னாரும் தெலுங்கிலே நாடகம் எழுதியவர் — எங்கள் இனம்! சர்க்கார் விடவில்லை, உச்சநீதிமன்றம் ஓடிற்று. 1952 மார்ச் 31-லே அங்கும் தோல்வி. ஆட்சியாளரின் மனநிறைவு மட்டும் போதாது, அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும் என்று தீர்ப்பளித்த பதஞ்சலி சாஸ்திரி, சென்னையிலே வழக்கறிஞராய் இருந்தவர்தான்.

சட்டம் கற்றவரெல்லாம் எளியோர் பக்கம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். இதே மயிலையிலே, லஸ் சர்ச் சாலையிலே வாழ்ந்தவர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். அரசியல் சட்ட வரைவுக் குழுவிலே இருந்த மேதை. அதே 1950-லே, அதே மன்றத்திலே, வகுப்புவாரி ஆணையை எதிர்த்து வாதாடியவரும் அவரே. ஆணை வீழ்ந்தது. தமிழகம் கொதித்தது, 1951 ஜூனிலே அரசியல் சட்டமே திருத்தப்பட்டது.

நண்பர்களே, இனி கசப்பானதைச் சொல்கிறேன். எதிர்வரிசையிலே இருக்கும்போது நம் வழக்கறிஞர்கள் புலிகள். நம் கட்சி கோட்டையிலே அமர்ந்த மறுநாள், அரசு வழக்கறிஞர் பட்டியலிலே தம் பெயரைத் தேடுகின்றன அந்தக் கண்கள்! பதவி கூடாதென்று கூறவில்லை, தகுதியுள்ளோர் பெறட்டும். பட்டியலிலே இடம் கிடைக்காதவருமா வாய்பொத்தி நிற்பது?

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகள் அகற்றப்பட்டன. மக்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். சித்தாள் வேலைக்குச் செல்லும் தாய், பிள்ளையின் பள்ளிக்கும் தன் வேலைக்கும் இடையே நாள்தோறும் பேருந்துக்கு நிற்கிறாள். அறிவிப்பு முறையாக வந்ததா? யாரைக் கேட்டு நாள் குறித்தார்கள்? வெள்ளம் அடித்தது குடிசையை மட்டுந்தானா, கரையோர மாளிகையை அடிக்கவில்லையா? 2005-லே வந்த தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். ஆள்வது எந்தக் கட்சியானாலும், நம் கட்சியேயானாலும், கட்டணம் அதே பத்து ரூபாய்தான்!

அடுத்த ஞாயிறு காலை மந்தைவெளிக் கிளையிலே மேசை போட்டிருப்போம். தியாகராய நகர், அடையாறு தோழர்கள் கரையோர மக்களையும் அவர்கள் கையிலுள்ள காகிதங்களையும் அழைத்து வருவர். மனு எழுத எந்தெந்த வழக்கறிஞர் வருகிறீர்கள் என்பதை, கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் சொல்லிச் செல்லுங்கள்.