மரியாதைக்கா பெரிய எழுத்து?

(கொல்லிமலை, தேவனூர் நாட்டில் நடந்த ஆங்கில ஆசிரியர் கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தில் உறவுப் பெயருக்கு எப்போது பெரிய எழுத்து? உடைமையைக் காட்டும் அப்பாஸ்ட்ரஃபி எங்கே வரும்? இந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இரண்டும் ஒரு மதிப்பெண் விஷயம்தான். ஆனால் திருத்துகிற விதத்தால் ஒரு குழந்தையை எழுதவிடாமலே செய்துவிட முடியும். நான் செய்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்தாள். முதல் வரி, ‘மை மதர் நேம் இஸ்’. மதருக்குப் பெரிய ‘எம்’, அப்பாஸ்ட்ரஃபி கிடையாது. இரண்டுக்கும் சிவப்பு வட்டம் போட்டேன். “அம்மாவைச் சின்ன எழுத்துல எழுதினா மரியாதை இல்லையே சார்?” என்று தயங்கிக் கேட்டாள். “ரூல் அப்படித்தாம்மா” என்று நோட்டை மூடிக் கொடுத்துவிட்டேன். அடுத்த கட்டுரையில் அம்மா வரவே இல்லை.

பிறகுதான் புரிந்தது, இரண்டு தவறுமே தமிழிலிருந்து வந்தவை. அப்படியானால் திருத்தத்தையும் தமிழிலிருந்தே தொடங்கலாம்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. அதனால் ‘பெரிய’ என்றதும் குழந்தை மரியாதை என்று எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அது மரியாதைக் குறி அல்ல, பெயர்க் குறி. அரசன் பெயருக்கும் திருடன் பெயருக்கும் அதே பெரிய எழுத்துதான். ‘நான்’ என்பதற்கான ‘ஐ’கூட எப்போதும் பெரிய எழுத்து, அது தற்பெருமையா என்ன?

இதற்கு ஒரு சோதனை போதும். உறவுச் சொல்லை எடுத்துவிட்டு அங்கே ஆள் பெயரை வைத்துப் பாருங்கள். ‘மதர் இஸ் குக்கிங்’ என்பதை ‘லட்சுமி இஸ் குக்கிங்’ என்று சொல்லலாம். எனவே பெரிய எழுத்து. ‘மை மதர் இஸ் குக்கிங்’ என்பதில் ‘மை லட்சுமி’ ஒட்டவில்லை. எனவே சின்ன எழுத்து. ‘அங்கிள் ராமன்’ என்று பெயரோடு சேர்ந்தால் பெரியது. ‘மை அங்கிள்’ என்றால் சின்னது.

அடுத்தது உடைமை. ‘எங்க அப்பா பேரு’ என்கிறோம். ‘உடைய’ மறைந்திருக்கிறது, நம் இலக்கணத்தில் அது ஆறாம் வேற்றுமைத் தொகை. இந்த இடத்தில் ஆங்கிலம் அப்படி மறைக்க விடாது. ஆகவே ‘அப்பாவுடைய பெயர்’ என்று விரித்துச் சொல்ல வையுங்கள். ‘உடைய’ வரும் இடத்தில் அப்பாஸ்ட்ரஃபி: ‘ஃபாதர்’ஸ் நேம்’. சேர்க்கைப் படிவத்திலும் உதவித்தொகைப் படிவத்திலும் நம் பிள்ளைகள் முதலில் சந்திக்கும் வரி இதுதான்.

பன்மையில் குழப்பமா? அதற்கும் தமிழே வழி காட்டும். ‘மாணவர்களுடைய’ என்பதில் முதலில் ‘கள்’, பிறகு ‘உடைய’. ஆங்கிலத்திலும் முதலில் பன்மை, பிறகு குறி. இதை மூன்று விழாக்களை வைத்தே கற்பிக்கலாம். 1962 முதல் செப்டம்பர் 5-இல் கொண்டாடுவது ‘டீச்சர்ஸ்’ டே’. ஆசிரியர்கள் பலர் என்பதால் ‘எஸ்’ஸுக்குப் பிறகு குறி. நவம்பர் 14 ‘சில்ட்ரன்’ஸ் டே’. ‘சில்ட்ரன்’ ஏற்கெனவே பன்மை; ஆனால் ‘எஸ்’ இல்லை. அதனால் குறி போட்டு ‘எஸ்’ சேர்க்கிறோம். நாம் ‘அன்னையர் தினம்’ என்று பன்மையில் சொல்வது ஆங்கிலத்தில் ‘மதர்’ஸ் டே’, அது ஒருமை. அமெரிக்காவில் அந்த நாளுக்காகப் போராடிய அன்னா ஜார்விஸ் அந்த ஒருமையை வலியுறுத்தினார். ஒவ்வொரு வீடும் தன் தாயைப் போற்றும் நாள் அது என்பது அவர் எண்ணம். ஒரு குறியின் இடம் மாறினால் பொருளே மாறும்.

நண்பர்களே, சிவப்பு வட்டம் போடுவதற்கு முன் “ஏம்மா இப்படி எழுதினே?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த மாணவியின் கேள்விக்கு என்னிடம் அன்றே பதில் இருந்திருந்தால், அவள் அம்மா அடுத்த கட்டுரையிலும் இருந்திருப்பார்.